‘ஓது’ என்னும் வினைச்சொல்

திண்டிவனத்தில், கிருஷ்ணகிரிச் சாலை வழியாகக் கன்னட நாட்டுச் சரக்கு வண்டிகள் வந்து சேருமிடத்தில் ஒரு தேநீர்க்கடை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு, விழுப்புரம் திரும்பும் பேருந்துக்காக நாம் அங்கே காத்திருந்தோம். நம் கையில் அன்றைய நாளிதழ் இருந்தது. எதிரே அமர்ந்திருந்த கன்னட நாட்டு வணிகர் ஒருவர், அரைகுறைத் தமிழில், “பெரியவரே, பேப்பரைக் கொஞ்சம் ஓதலாமா?” என்று கேட்டார். அருகிலிருந்த நம் ஊர் இளைஞர்கள் சிரித்துவிட்டனர். “பேப்பரை ஓதுவதா? அப்படியானால் ஒளுச் செய்துவிட்டு வாருங்கள்!” என்றான் ஒருவன். வணிகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாம் தாளை அவரிடம் நீட்டினோம். அவர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, எழுத்துத் தெரியாதென்று புன்னகையோடு திருப்பித் தந்தார்.

அவர் பேசியதில் பிழை ஏதுமில்லை. கன்னடத்தில் ‘ஓது’ என்றால் படி என்பதே பொருள். நாளிதழை ஓதுவர், கதைப்புத்தகத்தை ஓதுவர், கடையின் பெயர்ப்பலகையையும் ஓதுவர். எழுதப் படிக்கத் தெரிதலை அவர்கள் ‘ஓது பரஹ’ என்பர். துளுவிலும் இவ்வினை படித்தலையே குறிக்கிறது. தமிழிலோ மறைநூலையும் மந்திரத்தையும் ஓதுவோம், நாளிதழைப் படிப்போம். சொல் ஒன்று, பொருளோ ஆற்றின் இருகரைகளைப் போல விலகி நிற்கிறது. இவ்விலகல் எப்படி நேர்ந்தது, அதனால் நாம் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பத்து மொழிகள் ஒரே வினையை வெவ்வேறு பொருளில் ஆளுதல் உலகெங்கும் காணப்படுவதே. இலத்தீன் மொழியிலிருந்து கிளைத்த மொழிகளை எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் ‘சலீரே’ என்னும் வினைக்குக் குதித்தல் என்று பொருள். அதன் வழிவந்த இத்தாலிய மொழியில் அதே சொல் மேலே ஏறுதலைக் குறிக்கும். ஸ்பானிய மொழியில் ‘சலீர்’ என்றால் வெளியே செல்லுதல். மாடிக்கு ஏறச் சொன்னால் வாசலுக்குப் போகிற குழப்பம் இதனால் நேரக்கூடும்! தேடுதல் என்னும் பொருளுடைய மற்றோர் இலத்தீன் வினை, ஸ்பானிய மொழியில் விரும்புதலாகவும், இத்தாலியத்தில் கேட்டலாகவும், பிரெஞ்சில் போய்க் கொண்டுவருதலாகவும் மாறியது. தேடுகிறவன் விரும்புகிறான், கேட்கிறான், சென்று கொணர்கிறான். ஒரு செயலின் வெவ்வேறு படிகளில் ஒவ்வொரு மொழியும் நின்றுவிட்டது.

அரபு மொழி சார்ந்த செமித்தியக் குடும்பத்திலும் இதே நிலைதான். ‘அமர’ என்பது அரபியில் கட்டளையிட்டான் என்றும், எபிரேயத்தில் சொன்னான் என்றும் பொருள்படும். ‘தரஸ’ என்பது அரபியில் பாடம் பயின்றான் என்பதாகும். நம் ‘மத்ரஸா’ அதிலிருந்து பிறந்தது. அதன் உடன்பிறப்பாகிய எபிரேய வினைக்குத் தேடினான், வினவினான் என்பது பொருள். யூதர்களின் மறை விளக்கத்தைச் சுட்டும் ‘மித்ராஷ்’ அதிலிருந்து பிறந்தது. பயில்வதற்கும் வினவுவதற்கும் வேர் ஒன்றே என்பதை மத்ரஸாக்களில் பணிபுரியும் நம்மனையோர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக்குடும்பம் என்பதை வேர்ச்சொற்களைப் பக்கம்பக்கமாக நிறுத்தி 1816-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியவர் சென்னையில் பணிபுரிந்த எல்லிஸ் துரை. பின்னர் 1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. பரோ, எமனோ ஆகிய இரு பேரறிஞர்கள் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இல் முதற்பதிப்பும் 1984-இல் இரண்டாம் பதிப்பும் கண்டது. அதைப் புரட்டினால், நம் வீட்டுச் சொற்கள் அண்டை வீடுகளில் வேறு வேலை செய்துகொண்டிருப்பதைக் காணலாம். ‘விளம்பு’ என்பது தமிழ்ப் புலவர்க்குச் சொல்லுதல். மலையாளத்தார்க்கு இலையில் சோறு பரிமாறுதல். ‘செப்பு’ நமக்குச் செய்யுட்சொல். தெலுங்கர்க்கு நாள்தோறும் நாவிலுள்ள பேச்சு. ‘பறை’ என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தோற்கருவி. மலையாளத்தார்க்கோ அது பேசுதல். ‘ஓது’ இவ்வரிசையில் ஒன்று. ஆயினும் மற்றவற்றைவிட அதன் வரலாறு நம் சமுதாயத்தை நெருங்கித் தொடுகிறது.

தமிழில் இச்சொல்லின் தொன்மையைத் தொல்காப்பியத்திலேயே காண்கிறோம். தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களுள் ஓதலும் ஒன்றென அந்நூல் வைக்கிறது. கல்வியின் பொருட்டு இல்லம் துறந்து செல்லுதல் என்பதே அங்குப் பொருள். நூலின் ஓர் உறுப்புக்கு ‘ஓத்து’ என்னும் பெயரையும் அது தருகிறது. ஓரினமான மணிகளை வரிசைப்பட வைத்தாற்போல், ஓரினப் பொருளை ஓரிடத்தில் தொகுத்து வைப்பது ஓத்து என்பது அதன் விளக்கம். குறளிலும் இரு நிலைகளைக் காணலாம். பார்ப்பான் கற்ற மறையைக் குறிக்க ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் ‘ஓத்து’ வருகிறது. பேதைமை அதிகாரத்திலோ, கற்றல் என்னும் பொதுப்பொருளில் ‘ஓதி’ வருகிறது. ஔவையார் ஆத்திசூடியில் சிறுவர்க்கு ஓகார வரிசையில் சொல்லும் அறிவுரையும், கற்பதை ஒருபோதும் விடாதே என்பதுதான். ஆகவே பழந்தமிழில் ஓதுதல் என்பது நாவசைவு மட்டுமன்று; கல்வி முழுவதற்கும் அது பெயராக இருந்தது. கன்னடர் இன்று வழங்கும் பொருளுக்கு அது மிகவும் அண்மையது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னட நூலாகிய கவிராசமார்க்கம், தன் நாட்டு மக்கள் முறையாக ஓதாமலே கவிதையில் தேர்ந்தவர்கள் என்று பெருமைப்படுகிறது. அங்கும் ‘ஓது’ கல்வியையே குறிக்கிறது.

பிரிவின் தொடக்கத்தைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் (1014-1044) காலத்தில் ஒரு பெருங்கல்லூரி நடந்தது. அங்குப் பயின்ற மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளமாணவர் 270 பேரில் 75 பேர் இருக்கு வேதமும், 75 பேர் யசுர் வேதமும், 40 பேர் சாமவேதத்தின் இரு கிளைகளும், 20 பேர் வாசசனேயமும், 10 பேர் அதர்வமும், 10 பேர் போதாயன சூத்திரங்களும், 40 பேர் ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலும் பயின்றனர். முதுமாணவர் 70 பேர்க்கு வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகியன பாடம். மறையைச் செவிவழி மனனம் செய்வோர் ஒருபுறமும், அதன் பொருளையும் இலக்கணத்தையும் ஆராய்வோர் மறுபுறமும் இருந்தனர் என்பதை இத்தொகை காட்டுகிறது. வீரராசேந்திரன் (1063-1070) காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் இவ்வேறுபாடு சொல்லாகவே பதிந்துள்ளது. வேத ஆசிரியன் அங்கே ‘ஓதுவிப்பான்’. இலக்கண ஆசிரியனோ ‘வக்காணிக்கும் பட்டன்’, அதாவது விளக்கியுரைப்பவன். ஓதுதல் ஒரு தொழிலாகவும் விளக்குதல் வேறொரு தொழிலாகவும் பிரிந்துவிட்டன.

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் இன்னொரு சோழர் காலக் கல்வெட்டு உண்டு. திருப்பதியம் பாடுவதற்குப் பார்வையற்றவர் பதினாறு பேரையும், அவர்களுக்கு வழிகாட்ட இருவரையும் அமர்த்தி, அவர்தம் உணவுக்கு வகைசெய்த செய்தியை அது கூறுகிறது. இதனை எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சு நெகிழ்கிறது. படிப்பதற்குக் கண் வேண்டும். ஓதுவதற்குச் செவியும் நாவும் நெஞ்சும் போதும். நம் சமுதாயத்திலும் பார்வையற்ற ஹாபிழ்கள் எத்தனையோ பேர். நபி (ஸல்) அவர்களின் தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்றவர். பாங்கு சொல்லும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஓதுதலைத் தாழ்வாகக் கருதுவோர் இவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தறியாதவனுக்கும் விழியில்லாதவனுக்கும் மறையின் கதவைத் திறந்துவைத்தது ஓதுதலே.

இனி, தமிழ் முஸ்லிம்கள் இச்சொல்லைத் தெரிந்துகொண்ட வரலாற்றைப் பார்ப்போம். அரபியில் ‘கரஅ’ என்னும் வினைக்கு ஓதினான் என்றும் படித்தான் என்றும் இருபொருளும் உண்டு. அதன் உடன்பிறப்பு எபிரேயத்தில் அழைத்தான், பெயரிட்டான், படித்தான் என்று பொருள்படும்; யூதர் தம் மறையை ‘மிக்ரா’ என்பர். சுரியானி மொழியிலும் அது அழைத்தலும் படித்தலுமாகும். தேவாலயத்தில் வாசிக்கப்படும் மறைப்பகுதிக்கு அங்கே ‘கெர்யானா’ என்று பெயர். இதன் மூலப்பொருளை ஆராய்ந்த இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி, எழுத்துகளையும் சொற்களையும் ஒன்றோடொன்று சேர்த்தலே ‘கிராஅத்’ என்று விளக்குகிறார். இலத்தீனிலும் படித்தலைக் குறிக்கும் ‘லெகெரே’ என்னும் வினைக்குப் பொறுக்கிச் சேர்த்தல் என்பதே முதற்பொருள். தொல்காப்பியம் ஓத்துக்குக் கூறும் மணிக்கோவை உவமையையும் உடன்வைத்துப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிக்குடும்பங்கள், நூலறிவைத் தொகுத்துக் கோத்தலாகவே கண்டிருக்கின்றன.

ஹிரா குகையில் இறங்கிய முதற்கட்டளையின் முதற்சொல் இந்த வினையின் ஏவலே. அதைத் தமிழாக்கியவர்கள் ‘படி’ என்றோ ‘வாசி’ என்றோ கொள்ளாமல் பெரும்பாலும் ‘ஓது’ என்றே கொண்டனர். அதற்குத் தக்க காரணம் உண்டு. எழுதப் படிக்கக் கற்றிராத பெருமானார் (ஸல்) அவர்களின் முன் ஏடு ஏதும் வைக்கப்படவில்லை. சொல்லக் கேட்டுச் சொல்வதே அங்கு நிகழ்ந்தது. திருமறை முதலில் நெஞ்சங்களிலேயே வாழ்ந்தது. கி.பி. 632-33-இல் யமாமாப் போரில் ஓதுநர் பலர் உயிர்துறந்த பின்னரே, அபூபக்ர் (ரலி) அவர்கள் அதனை ஒரே தொகுப்பாக எழுதிவைக்க முற்பட்டார்கள். செவிவழி வந்த மறைக்குத் தமிழில் ஏற்கெனவே இருந்த சொல் ‘ஓது’. அதை நம் முன்னோர் தயங்காமல் எடுத்துக்கொண்டனர். சமண பௌத்தர்களின் ‘பள்ளி’ என்னும் சொல்லை மஸ்ஜிதுக்கு எடுத்துக்கொண்டதும் இத்தகைய அறிவுடைமையே. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பகுதியில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர் மடம் இன்றும் இருக்கிறது. அவர்களின் பள்ளியும் நம் பள்ளிவாசலும் சிறுவர் பள்ளிக்கூடமும் ஒரே சொல்லின் மூன்று வாசல்கள். மலபாரிலோ நம்பூதிரிகளின் வேதப்பயிற்சி ‘ஓத்து’. மாப்பிள்ளைச் சிறுவர் குர்ஆன் பயிலுமிடம் ‘ஓத்துப்பள்ளி’. இரு மறைகளையும் ஒரே சொல் தாங்குகிறது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் கலந்து வாழ்கிறார்கள். செஞ்சிக் கோட்டையை 1649-இல் பீஜப்பூர்ப் படையும், 1698-இல் மொகலாயப் படையும் கைப்பற்றின; அதன்பின் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி வந்தது. அக்காலங்களில் தக்காண உருது இப்பகுதியில் வேரூன்றியது. உருதுக்காரர் குர்ஆனையும் ‘பட்னா’ என்பர். பள்ளிப் பாடத்தையும் ‘பட்னா’ என்பர். நாம் தொழுதோம் என்பதை அவர்கள் ‘நமாஸ் பட்னா’ என்பர். இது வடமொழியின் ‘பட்’ என்னும் வினைவழி வந்தது. நம் ‘படி’யையும் அதனோடு இணைப்போர் உளர். கிறிஸ்தவ அன்பர்கள் தம் மறையை ‘வாசிக்கிறார்கள்’. சைவத் திருக்கோயிலில் தேவாரம் பாடுபவர் ‘ஓதுவார்’. ஒரே தெருவில் நான்கு வீடுகள். மறையை அணுகும் செயலுக்கு மூன்று வினைகள்!

இதுவரை சொன்னது சொல்லின் வரலாறு. இனிச் சொல்லப்போவது நம் குறை.

தமிழில் ஆங்கிலக் கல்வி பரவிய பின் ‘ஓது’வுக்கும் ‘படி’க்கும் இடையிலிருந்த கோடு மதிலாக உயர்ந்தது. “பையன் ஓதுகிறானா?” என்பது ஒரு கேள்வி, “பையன் படிக்கிறானா?” என்பது வேறொரு கேள்வி. படிப்பென்றால் விளங்கிக்கொள்ள வேண்டும், தேர்வெழுத வேண்டும், வேலைக்குச் செல்ல வேண்டும். ஓதலென்றால் உச்சரிப்புச் சரியாக இருந்தால் போதும். படித்ததற்குப் பொருள் கேட்பது இயல்பு; ஓதியதற்குப் பொருள் கேட்பவன் அதிகப்பிரசங்கி. இந்த மனப்பாங்கில் முப்பதாண்டுகள் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் உண்டு. குரலினிமையும் திருத்தமான உச்சரிப்பும் உடையவர். பத்து வயதில் திருமறையை ஓதி முடித்தார். அன்று அவர் தாயார் தட்டு நிறையச் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் அனுப்பியிருந்தார். ஆண்டுகள் பல கழிந்து, அத்தாயாரின் மறைவுக்குப் பின் அவர் நம்மைக் காண வந்தார். வெகுநேரம் பேசாமலிருந்தவர், “ஹஜ்ரத், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து விடியுமட்டும் யாசீன் ஓதினேன். நீங்கள் கற்றுத்தந்தபடி ஓர் எழுத்தும் பிசகாமல் ஓதினேன். ‘என்னப்பா ஓதுறே, எனக்குச் சொல்லேன்’ என்று அம்மா கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை” என்றார். அவர் நம்மைக் குறைகூறவில்லை. நமக்கு மறுமொழி எழவில்லை. அந்தச் சூராவின் பொருளை நாம் அறிவோம். மத்ரஸாவில் தஃப்ஸீர் பயின்றிருந்தோம். ஆயினும் அதை அச்சிறுவனுக்குச் சொல்ல வேண்டுமென்று ஒருநாளும் நமக்குத் தோன்றவில்லை. திருமுக்கூடல் கல்வெட்டு பிரித்துக்காட்டியதுபோல், நாம் ஓதுவிப்பான். விளக்கியுரைப்பவன் வேறு எவனோ என்றிருந்தோம்.

அதற்குப் பிறகுதான் இச்சொல்லின் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம். தேடத்தேட, நம் பழக்கத்துக்குச் சான்றாக மொழியையும் மார்க்கத்தையும் காட்ட முடியாதென்பது தெளிவாயிற்று. திருமறையை ஓதுவதற்கு அரபியிலுள்ள மற்றொரு சொல் ‘திலாவத்’. அதன் வேருக்குப் பின்தொடர்தல் என்று பொருள். ஓதியதைப் பின்பற்றிச் செல்லாதது திலாவத்தின் முழுமையை அடையாது என்று அறிஞர் உரைப்பர். நபித்தோழர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள அறிவையும் செயலையும் கற்றுக்கொள்ளாமல் அடுத்த வசனங்களுக்குச் செல்லமாட்டார்கள் என்று அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ அறிவிக்கிறார். வள்ளுவரும் பேதைமை அதிகாரத்தில் ஓதுதல், உணர்தல், பிறர்க்குரைத்தல், தான் அடங்கியொழுகல் என நான்கு படிகளைக் காட்டுகிறார். முதல் மூன்றையும் ஏறி நான்காவதில் தவறியவனை அவர் பெரும்பேதை என்கிறார். முதற்படியிலேயே பாய்விரித்துப் படுத்துவிட்டவனை என்னவென்று சொல்வது?

ஆயினும் ஒன்றை வலியுறுத்துதல் வேண்டும். ஓதுதலைக் கைவிட்டுப் படித்தலுக்கு மாறுங்கள் என்று நாம் கூறவில்லை. மொழிபெயர்ப்பைக் கண்ணால் மேய்ந்துவிட்டு மறையை அறிந்துவிட்டோம் என்பாரும் உளர். அவர்களிடம் ஒலியின் அமானிதம் இல்லை. நாவில் ஏறிய சொல் இருட்டிலும் பயணத்திலும் நோய்ப்படுக்கையிலும் உடன்வரும். தாளில் உள்ளது தாளிலேயே இருக்கும். திருவாமாத்தூரில் பாடிய பதினாறு பேரும் நமக்கு அதைத்தான் உணர்த்துகிறார்கள். நாம் வேண்டுவது, பழந்தமிழில் இச்சொல்லுக்கு இருந்த அகலத்தை மீட்டெடுப்பதே. ஓதலும் படித்தலும் ஒரே வினையாய் இருந்த காலம் ஒன்றுண்டு. கன்னடர் நாவில் அது இன்றும் அப்படியே இருக்கிறது.

இப்போது மாலை மக்தபில் நாம் ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். சிறுவர் ஒரு சிறிய சூராவை ஓதி ஒப்பித்ததும், அதை வீட்டுக்குச் சென்று தாயாரிடம் தமிழில் சொல்லிவிட்டு வரவேண்டும். உருது வீட்டுப் பிள்ளைகள் உருதுவில் சொல்லலாம். இதனால் பாடம் மெதுவாக நகர்கிறது. ஓராண்டில் முடிந்தது ஒன்றரை ஆண்டாகிறது. “ஹஜ்ரத்துக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளைத் தாமதப்படுத்துகிறார்” என்று பெற்றோர் சிலர் முணுமுணுக்கிறார்கள். முன்பே முடித்துத் தருமிடத்துக்குப் பிள்ளைகளை மாற்றியவர்களும் உண்டு. அவர்கள்மேல் நமக்கு வருத்தமில்லை. முப்பதாண்டுகளாக அவர்களை அப்படிப் பழக்கியவர்களே நாம்தாம்.

சென்ற மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து, “ஹஜ்ரத், அல்லாஹ்வுக்குத் தேவை எதுவும் இல்லையாம், நமக்குத்தான் அவன் தேவையாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா இத்தனை நாளாக ஓதுகிறார்களாம், இன்றுதான் தெரியுமாம்” என்றாள். குல்ஹுவல்லாஹு சூராவை அவள் தாயார் சிறுவயது முதல் நாள்தோறும் தொழுகையில் ஓதிவருபவர். திண்டிவனத்துத் தேநீர்க்கடையில் எழுத்தறியாத அந்த வணிகர் நாளிதழை ஓதலாமா என்று கேட்டபோது நம்மவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சொல் தெரிந்திருந்தது, எழுத்துத் தெரியவில்லை. நமக்கு எழுத்தும் ஒலியும் தெரிந்திருந்தன, சொல்லின் பொருளை மறந்திருந்தோம். அந்த மாணவரின் தாயார் கேட்ட கேள்விக்கு நாம் இனி விடைசொல்ல இயலாது. இனி வரும் தாய்மார்களுக்கேனும் அவர்தம் மக்கள் விடை சொல்ல, வல்ல அல்லாஹ் நமக்கு வாய்ப்பளிப்பானாக!